தைவதம் காணோம்

(காட்சி: காசிமேடு, மாடி அறை. மேசைமேல் ஜூனோ-106. விரல்கள் மட்டும் தெரிகின்றன.)

ச. ரி. க. ம. ப.

(ஒலி: ஐந்து சுரங்கள். ஆறாவதுக்குக் கட்டை இறங்கும் ‘டொக்’ மட்டும்.)

தைவதத்தைக் காணோம். கட்டை போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றும். சரி, நிறுத்தாமல் மேலே போவோம். நி, மேல் ச, ரி, க, ம... இப்போது மேல் பஞ்சமத்தைக் காணோம். திரும்பி வந்து அந்தத் தைவதத்தை அழுத்தினால் கணீரென்று பேசுகிறது. ஆக, கட்டையில் குற்றமில்லை. ஆறு ஆறாக எண்ணிப் பாருங்கள்.

இது ஜூனோ-106, மின்சாரத்திலிருந்து சத்தத்தை உண்டாக்கும் சிந்தசைசர். இதில் 61 கட்டைகள் இருக்கின்றன. ஆனால் உள்ளே பாடுவதற்கு ஆறே குரல்கள்தான். ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி. முதலில் நிற்கிற வண்டி சவாரியை ஏற்றிக்கொண்டு போகும், திரும்பி வந்து கடைசியில் நிற்கும். ஆறு வண்டியில் ஒன்று ரிப்பேர் என்றால் ஆறாவதாக வருகிற சவாரி தெருவில் நிற்க வேண்டியதுதான். இன்றைக்கு நின்றது தைவதம்.

நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். ஆடி மாதம் வந்தால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் அம்மன் கோயில் மேடைகள். மற்ற மாதங்களில் வெளியூர், எப்போதாவது வெளிநாடு. லேப்டாப் ஒன்று போதும், எல்லா சத்தமும் அதிலேயே வரும். தெரியும். அப்புறம் எதற்கு 1984இல் வந்த பத்து கிலோ கருவியை ஃப்ளைட் கேஸில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்? அதற்கு முதலில் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும்.

(காட்சி: மினிமோக் படம்.)

1970இல் வந்த சிந்தசைசர், மினிமோக். மூக் என்று படித்துவிடாதீர்கள், இதற்கும் மூக்குக்கும் சம்பந்தமில்லை; இதைச் செய்த நிறுவனத்தை நிறுவிய ராபர்ட் மோக் தன் பெயரை அப்படித்தான் சொல்லிவந்தார். 44 கட்டைகள், ஒலி அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர்கள் மூன்று, ஒரு நேரத்தில் ஒரே சுரம். வெளிநாட்டுக் கச்சேரி ஒன்றில் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். கீழ் ஸ்தாயியில் ஒரு சட்ஜம் அழுத்தினேன். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்த மாதிரியே இல்லை, பலகையின் அடியிலிருந்து காலில் ஏறியது. சவுண்டு செக் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் நான் அதன் ஃபில்டர் நாபை, அதாவது சத்தத்தை வடிகட்டும் குமிழை, திருகிக்கொண்டே இருந்தேன்.

மினிமோக் அனலாக் கருவி. அனலாக் என்றால் அங்கே எண்கள் கிடையாது, மின்னழுத்தம்தான் எல்லாம். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். அழுத்தத்தைச் சுருதியாக மாற்றித் தருவது டிரான்சிஸ்டரின் இயல்பு. ஆனால் அந்த இயல்பு சூட்டுக்குத் தகுந்தபடி மாறும்: ஒரு டிகிரிக்குச் சுமார் 0.33 சதவீதம். கேட்டால் தூசு மாதிரி இருக்கிறதல்லவா? ஏசி அறையில் 24 டிகிரியில் சுருதி சேர்க்கிறோம். மேடையில் ஃபோகஸ் லைட்டுக்கு அடியில் 38. பதினான்கு டிகிரி வித்தியாசம். ஈடுகட்டும் ஏற்பாடு உள்ளே இல்லாவிட்டால் ஒரு ஸ்தாயி ஏறி முடிப்பதற்குள் அரைச்சுரத்தில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். ஆர்மோனியத்தில் பழகிய பாடகர் அங்கேயே திரும்பி முறைப்பார். அந்த ஏற்பாட்டைச் செய்துதான் கருவிகளை விற்றார்கள். இருந்தும் ஆரம்ப கால மினிமோக்குகள் சுருதி நழுவுவதற்குப் பேர்போனவை.

வேடிக்கை என்னவென்றால், மூன்று ஆசிலேட்டரும் ஒன்றுக்கொன்று மயிரிழை விலகி நிற்பதால்தான் அந்தச் சத்தத்துக்கு அவ்வளவு கனம். கோயிலில் இரட்டை நாயனம் கேட்டிருப்பீர்களே, இரண்டும் அச்சாக ஒரே சுருதியில் ஊதுவதில்லை. அந்த விலகல்தான் நம் நெஞ்சில் வந்து இடிக்கிறது.

எவ்வளவு பிடித்தாலும் ஆடி மாத மேடைக்கு மினிமோக்கைக் கொண்டுபோக மாட்டேன். மேடைக்கு ஜூனோதான்.

இதன் ஆசிலேட்டரும் அனலாக்தான், ஆனால் தாளம் போடுவது டிஜிட்டல். ஒரு கடிகாரச் சுற்று எண்ணிக்கொண்டே வந்து, கணக்கு முடிந்ததும் அலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கும். வெயில் என்ன அடித்தாலும் எண்ணிக்கை தப்பாது, சுருதியும் அசையாது. ஆனால் அசையாமலே இருந்தால் சத்தம் ஒல்லியாகிவிடும். அதற்குத்தான் இந்த இரண்டு கோரஸ் பட்டன்கள்.

(ஒலி: முதலில் கோரஸ் இல்லாமல், பிறகு கோரஸுடன்.)

தண்ணி லாரி வந்தால் எங்கள் தெருவில் வரிசையாக நின்று கைக்குக் கை குடம் மாற்றுவோம். கோரஸ் ஐசி என்ற சிப்புக்குள் நடப்பதும் அதுதான். 256 படிகள், ஒவ்வொரு படியிலும் குட்டிக் கெபாசிட்டர் ஒரு குடம். சத்தம் குடம் குடமாகக் கைமாறிச் சற்றுத் தாமதமாக மறுமுனைக்கு வரும். கைமாற்றும் வேகத்தை மெல்லக் கூட்டிக் குறைத்தால் சுருதி லேசாக ஊஞ்சலாடும். நேராக வந்த சத்தத்தோடு அதைக் கலந்தால் இரட்டை நாயனம் தயார். குடம் மாற்றும்போது கொஞ்சம் சிந்தாமல் இருக்குமா? இங்கேயும் சிந்தும். கோரஸைப் போட்டதும் பின்னால் ‘உஸ்ஸ்’ என்று கேட்பது அதுதான்.

சரி, ஊமைக் குரலுக்கு வருவோம்.

(காட்சி: மூடி திறந்த ஜூனோ. வரிசையாக ஆறு கறுப்பு ஐசிகள்.)

கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் டெஸ்ட் மோட் வரும். எந்தக் குரல் பாடுகிறது என்று திரையில் எண் தெரியும். ஊமை எது என்று பிடித்தாயிற்று. குரலுக்கு ஒன்றாக 80017A என்ற ஐசி இருக்கிறது, ஃபில்டரும் ஒலியளவும் அதில்தான். அதன்மேல் பூசியிருக்கும் கறுப்புப் பூச்சு வயதானால் மின்சாரத்தைக் கசிய விட ஆரம்பிக்கும். நாற்பது வருஷம் உழைத்த பொருளை யார் குறை சொல்வது? ஐசியைக் கழற்றி, கண்ணாடி பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி அதில் ஊறப்போட வேண்டும். பூச்சு இளகியதும் மெதுவாக உரித்துவிட்டுத் திரும்பப் பற்றவைக்கலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். அசிட்டோன் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

மேடையில் குரல் போனால்? போன ஆடியில், தண்டையார்பேட்டையில், பாட்டுக்கு நடுவே போனது. பாலி 1, பாலி 2 இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். ஆறு குரலும் ஒரே சுரத்தைச் சேர்ந்து பாடும். ஐந்து பேர் உரக்கப் பாடும்போது ஒருவர் வெறுமனே வாயசைத்தால் யாருக்குத் தெரியும்? நாயன பிட் எல்லாம் அப்படியே ஓடியது. பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டு மட்டும் வாசிக்க முடியாது. அதைக் கிட்டார் வாசிக்கிற தம்பி பார்த்துக்கொண்டான்.

கரண்டு விஷயம் ஒன்று. என்னுடையது ஜப்பானுக்குள் விற்ற கருவி, 100 வோல்ட். நம் பிளக்கில் 230. நடுவில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் கதை முடிந்தது. போதாததற்கு ஜெனரேட்டர். சீரியல் செட்டை அணைத்தால் வோல்டேஜ் எகிறும். அதனால் மேடை ஏறுவதற்கு முன் மீட்டரோடு ஜெனரேட்டர்காரரிடம் போய்விடுவேன்.

“ணா, எவ்ளோ காட்டுது?”

“ரெண்டு முப்பதுதான் தம்பி. ஒவ்வொரு வாட்டியும் வந்து கேக்கறியே!”

கேட்பேன்.

(காட்சி: ஐசி மறுபடி பொருத்தப்பட்டிருக்கிறது. மூடி இன்னும் திறந்தே இருக்கிறது.)

சுவிட்ச் போடுகிறேன். ச. ரி. க. ம. ப.

(ஒலி: தைவதம்.)

வந்துவிட்டது. அப்படியே கோரஸையும் போட்டுப் பார்ப்போம்.

(ஒலி: உஸ்ஸ். பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல்.)

“இன்னாடா, பைப்புல தண்ணி வந்துடுச்சா?”