டிப்ஸ் யாருடைய கடன்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

உணவகத்தில் பரிமாறுபவருக்கு டிப்ஸ் கொடுப்பதுதான் அறம் என்று எதிரணி நண்பர் உருக்கமாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். கொடுக்கிற மனசை நான் குறை சொல்ல வரவில்லை. மேசையில் வைத்த பணம் யாருடைய சுமையை இறக்குகிறது? அதைத்தான் கேட்கிறேன்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கே மத்திய சட்டப்படி மணிக்குக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதி 5.12 டாலரை டிப்ஸில் வரவு வைத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்கு டிப்ஸ் சேராவிட்டால்தான் குறையை அவர் நிரப்ப வேண்டும். ஆக, ஒவ்வொரு மணி நேரத்திலும் சேரும் டிப்ஸில் முதல் 5.12 டாலர், முதலாளி தரவேண்டிய கூலி! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான் இது. அந்த 2.13 டாலர் 1991-ல் வந்தது. இன்றுவரை ஒரு சென்ட் ஏறவில்லை. வாடிக்கையாளர்தான் கொடுக்கிறாரே, ஏன் ஏற்ற வேண்டும்?

கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் இந்தச் சலுகை கிடையாது. முழுக் கூலியையும் முதலாளி தரவேண்டும், டிப்ஸ் அதற்கு மேல். அங்கேயும் உணவகங்கள் நடக்கத்தான் செய்கின்றன.

"நல்ல கவனிப்புக்குப் பரிசு" என்றார் நண்பர். சமையலறையில் தாமதமானால் டிப்ஸ் குறைவது யாருக்கு? தட்டை ஏந்தி வந்தவருக்கு. இன்னொரு காட்சியையும் நினைத்துப் பாருங்கள். தண்ணீர் ஊற்றும் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பேசுகிறார். கையை உதற அவளுக்குத் தோன்றுகிறது. ஆனால் பில் இன்னும் மேசைக்கு வரவில்லை. சிரிக்கிறாள். அன்றைய கூலி அந்த ஆளின் கையில் இருக்கிறது, நடுவர் அவர்களே! ஒரு தொழிலாளியை இந்த நிலையில் நிறுத்திவிட்டு அதை அறம் என்று எப்படிச் சொல்வது?

டிப்ஸ் இல்லாவிட்டால் கவனிப்பு கெட்டுவிடும் என்கிறார்கள். ஜப்பானில் டிப்ஸ் பழக்கமே இல்லை. அங்கே போய் வந்தவர்களிடம் கேளுங்கள்.

சரி, நாளைக்கே நிறுத்திவிடலாமா? கூடாது. டிப்ஸை நம்பி வீட்டு வாடகை கட்டுகிறவர் வயிற்றில் அடித்து எந்த நியாயமும் நிலைநாட்ட முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் நானும் கொடுப்பேன். மாற வேண்டியது சட்டம். பிரிட்டனில் 2009 முதல் டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலியில் சேர்க்க முடியாது. 2024 அக்டோபரிலிருந்து டிப்ஸ் முழுவதும் தொழிலாளர்களுக்கே போய்ச்சேர வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தபட்சம் இதுவாவது வேண்டும் என்கிறோம். உணவின் விலை ஏறும் என்பீர்கள். ஏறட்டும். அந்தக் கூலியை இப்போதும் நாம்தானே தருகிறோம்? விலைப்பட்டியலிலேயே போட்டு வாங்குங்கள், அந்தப் பெண் யாருடைய முகத்தையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.