நட்சத்திரம் எங்கே போனது?

வணக்கம், நேயர்களே.

என் அண்ணன் மகளுக்கு 9 வயது. அண்மையில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பழைய படம் பார்த்தோம். பாதிக்கு மேல் போனதும் அவள் சட்டென்று எழுந்து நின்றுகொண்டு, "அத்தை, அந்த நட்சத்திரம் எங்கே போச்சு?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. இதே கேள்வியைச் சின்ன வயதில் நானும் கேட்டிருக்கிறேன். இந்தப் படத்தைப் பார்த்த பலரும் கேட்டிருப்பார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

படத்தின் பெயர் 'பெட்நாப்ஸ் அண்ட் புரூம்ஸ்டிக்ஸ்'. கட்டில் குமிழ்களும் விளக்குமாறுகளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1971-இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்டது. மேரி நார்ட்டன் எழுதிய இரண்டு சிறுவர் நூல்களிலிருந்து எடுத்த கதை. மனிதர்கள் நடிக்கும் காட்சிகளோடு கையால் வரைந்த கார்ட்டூனும் கலந்து வரும் படம் இது.

கதை நடப்பது 1940-இல், இங்கிலாந்தில் கடலோரமாக இருக்கும் ஒரு கற்பனைக் கிராமத்தில். லண்டனில் குண்டு விழும் என்ற அச்சத்தில் குழந்தைகளை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பிவிட்ட காலம் அது. 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி அந்த வெளியேற்றம் தொடங்கியது. முதல் சில நாட்களிலேயே சுமார் 15 லட்சம் பேர் இடம் மாறினார்கள். அவர்களில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகள். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டி. அப்படி வந்த மூன்று பிள்ளைகள்தான் சார்லி, கேரி, பால். அவர்கள் போய்ச் சேர்வது மிஸ் பிரைஸ் என்ற அம்மையாரின் வீட்டில். அவரோ அஞ்சல்வழிக் கல்வியில் சூனியம் படித்துக்கொண்டிருப்பவர்! அந்த வித்தையைக் கற்று, போரில் தன் நாட்டுக்கு உதவ வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஏஞ்சலா லான்ஸ்பரி அந்தப் பாத்திரத்தில் அப்படியே பொருந்திப்போகிறார். விளக்குமாற்றிலிருந்து விழுந்து எழும்போதுகூட ஒரு ஆசிரியையின் மிடுக்கு குறையாது.

உயிரில்லாத பொருள்களை எழுந்து நடக்கவைக்கும் மந்திரம்தான் கடைசிப் பாடம். அது வந்து சேர்வதற்குள் அந்தக் கல்லூரியை மூடிவிடுகிறார்கள். அந்தப் பாடத்தைத் தேடி, பால் வைத்திருக்கும் குமிழைத் திருகினால் சொன்ன இடத்துக்குப் பறக்கும் மந்திரக் கட்டிலில் ஏறி எல்லோரும் புறப்படுகிறார்கள். லண்டனுக்குப் போகிறார்கள், கல்லூரியை நடத்தியவரையும் கூட்டிக்கொள்கிறார்கள், அப்புறம் கடலுக்கடியில் இறங்குகிறார்கள். கடைசியில் நபூம்பு என்ற கார்ட்டூன் தீவுக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே விலங்குகளின் ஆட்சி. மாலுமி உடை போட்ட கரடி ஒன்று தூண்டில் போட்டு அவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்குகிறது. ராஜா ஒரு சிங்கம். அவர் கழுத்தில் தொங்கும் நட்சத்திரப் பதக்கத்தில்தான் அந்த மந்திரச் சொற்கள் பொறித்திருக்கின்றன. ஒரு கால்பந்து ஆட்டத்துக்குப் பிறகு பதக்கத்தைத் தந்திரமாக எடுத்துக்கொண்டு தப்பி வீடு வந்து சேர்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் நட்சத்திரத்தைக் காணோம். வரைந்த உலகத்துப் பொருள் இந்த உலகத்துக்கு வராதாம்.

அண்ணன் மகள் எழுந்து நின்றது இந்த இடத்தில்தான்.

இந்தப் படத்தைப் பற்றிப் பார்த்தவர்கள் சொல்லும் கருத்துகளைக் கேட்டால், ஒரே படத்தைத்தான் பேசுகிறார்களா என்று தோன்றும். ஒருவருக்கு அது உயிர். தன் குழந்தைப் பருவமே அந்தப் பித்தளைக் கட்டிலில்தான் கழிந்தது என்பார். இன்னொருவருக்கு அது இழுவை. பாட்டுக்கு மேல் பாட்டு, சந்தைக் காட்சியில் ஆட்டத்துக்கு மேல் ஆட்டம். கார்ட்டூன் எப்போது வரும் என்று காத்திருந்தே களைத்துப்போனேன் என்பார். வேறு சிலர் அந்தக் கால்பந்தாட்டத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சிலருக்குக் கடைசியில் ஆளில்லாத இரும்புக் கவசங்கள் அணிவகுத்து வரும் காட்சி. சின்ன வயதில் அதைப் பார்த்து இரவு தூங்காதவர்களும் உண்டு.

இதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. அவர்கள் உண்மையிலேயே வேறு வேறு படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். முதலில் எடுத்தபோது படம் 2 மணி 20 நிமிடம் அளவுக்கு இருந்தது. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் மேடை நிகழ்ச்சியோடு சேர்த்துத் திரையிட வேண்டியிருந்ததால், சுமார் 20 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். 1979-இல் மறுபடி வெளியிட்டபோது பெரும்பாலான பாடல்களையும் எடுத்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் அளவுக்குச் சுருக்கினார்கள். பிறகு 1996-இல் வெட்டிய பகுதிகளைத் தேடி எடுத்து ஒட்டி, 139 நிமிடப் படமாக மீட்டார்கள். சில காட்சிகளுக்கு ஒலி கிடைக்கவில்லை. ஆகவே புதிதாகக் குரல் கொடுத்தார்கள். கல்லூரியை நடத்தியவராக வரும் நாயகன் டேவிட் டாம்லின்சனுக்குச் சில இடங்களில் வேறொருவரின் குரல். காது கூர்மையாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆக, 'இழுவை' என்றவர் நீளமான பதிப்பைப் பார்த்திருக்கலாம். 'விறுவிறுப்பு' என்றவர் 1979-இன் குறும்பதிப்பைப் பார்த்திருக்கலாம். இருவரையும் உட்காரவைத்துச் சண்டை மூட்டுவதில் அர்த்தமில்லை.

'மேரி பாப்பின்ஸ்' படத்தின் நகல் இது என்ற குறையும் பழையதுதான். அந்தப் படம் 1964-இல் வந்தது. இரண்டுக்கும் இயக்குநர் ராபர்ட் ஸ்டீவன்சன், பாடல்கள் ஷெர்மன் சகோதரர்கள், இரண்டிலும் டாம்லின்சன் நடித்திருக்கிறார். கடலுக்கடியில் வரும் பாட்டுக்கூட முதலில் 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக எழுதியதுதான். சாயல் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் படத்தில் வரும் மந்திரத் தாதி மேரி பாப்பின்ஸுக்கு எல்லாம் தெரியும். மிஸ் பிரைஸுக்கோ பாதிதான் தெரியும். மந்திரம் மறந்துபோகிறது, குறிப்பேட்டைப் புரட்டுகிறார், தப்பாகச் சொல்லிவிட்டு மறுபடி சொல்கிறார். அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, அதை வைத்து ஊரைக் காப்பாற்றத் துணியும் ஒருவரைக் குழந்தைகள் படத்தில் காண்பது அரிது. எனக்கு இவரைத்தான் அதிகம் பிடிக்கும்.

சரி, கார்ட்டூனுக்கு வருவோம். இன்று பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வது, ஒட்டுப்போட்டது தெரிகிறது என்பதுதான். அந்த ஒட்டு எப்படிப் போட்டார்கள் என்று தெரிந்தால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அப்போது கணினி கிடையாது. நடிகர்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திரை. அந்தத் திரையின் மேல் மட்டும் சோடியம் ஆவி விளக்கின் மஞ்சள் ஒளி விழும். அதன் அலைநீளம் ஏறத்தாழ 589 நானோமீட்டர், மிகவும் குறுகிய ஒரு பட்டை. நடிகர்கள் மேல் அந்த மஞ்சள் ஒளி விழாதபடி, அவர்களுக்கு வேறு விளக்குகளால் வெளிச்சம் கொடுப்பார்கள். கேமராவுக்குள் ஒரு முப்பட்டகம் ஒளியை இரண்டாகப் பிரித்து, இரண்டு ஃபிலிம் சுருள்களுக்கு அனுப்பும். ஒன்றில் நடிகர்கள் வண்ணத்தில் பதிவாவார்கள். மற்றொன்றில் மஞ்சள் திரை மட்டும் பதிவாகும், ஆட்கள் இருந்த இடம் வெறும் உருவமாக விழும். அந்த உருவத்தை அச்சாக வைத்து ஆளைத் தனியே எடுத்து, வரைந்த பின்னணியில் பொருத்தலாம். பெட்ரோ விளாஹோஸ் என்பவர் செம்மைப்படுத்திய முறை இது. தலைமுடியின் ஓரம், மெல்லிய துணி, வேகமாக ஆடும் கை எல்லாம் இதில் அவ்வளவு சுத்தமாக வரும். நீலத்திரையில் தெரியும் நீல விளிம்பு இதில் கிடையாது.

இப்படிப் படம் பிடித்த பிறகுதான் ஓவியர்களின் வேலை. வார்ட் கிம்பால் தலைமையில் அவர்கள் சிங்கத்தையும் காண்டாமிருகத்தையும் வரைந்து, நடிகர் பார்த்த திசையில், ஓடிய வேகத்தில் நிறுத்த வேண்டும். தீவுக் காட்சிகள் சுமார் 20 நிமிடம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 28,800 ஃபிரேம்! டாம்லின்சன் பக்கத்தில் நின்று பாருங்கள். எதிரே சிங்கம் இல்லை, பந்து இல்லை, மிதித்துக்கொண்டு ஓடும் விலங்குக் கூட்டமும் இல்லை. வெறும் மஞ்சள் திரைக்கு முன்னால் நடுவராக ஊதல் ஊதிக்கொண்டு அடிபடுகிறார், உருளுகிறார், எழுகிறார். பார்வை ஒரு அங்குலம் தவறினாலும், எதையோ வெறித்துப் பார்ப்பதாகத் தெரிந்துவிடும். அவர் அநேகமாகத் தவறவே இல்லை. சிறந்த காட்சி நுட்பங்களுக்கான ஆஸ்கர் விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது. அதில் அவருடைய கண்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

இருந்தாலும் ஒட்டு தெரிகிறது, மறுக்கவில்லை. நடிகர்களின் மேல் விழும் வெளிச்சம் ஒரு விதம், தீவின் வெயில் வேறு விதம். நிழல் சில இடங்களில் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. பெரியவர்களாகப் பார்க்கும்போது நமக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

ஆனால் கதையை யோசித்துப் பாருங்கள். அந்த ஒட்டைப் பற்றித்தானே கதையே! வரைந்த உலகம் வேறு, வாழும் உலகம் வேறு, இடையில் ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லையில் நட்சத்திரம் மறைகிறது. எல்லை கண்ணுக்கே தெரியாதபடி படத்தை எடுத்திருந்தால், நட்சத்திரம் ஏன் மறைய வேண்டும் என்று ஒரு குழந்தைக்கும் புரிந்திருக்காது. அவர்கள் வேண்டுமென்றே அப்படி விட்டார்கள் என்று சொல்ல வரவில்லை; முடிந்தவரை மறைக்கத்தான் பார்த்திருப்பார்கள். ஆனாலும் பொம்மை உலகத்திலிருந்து எதையோ கையில் பிடித்து வந்துவிட்டோம் என்று நினைக்கும் கணத்தில் அது நழுவுவதை, இந்தப் பழைய மஞ்சள் ஒளிப் படம்தான் எனக்குக் கண்முன் காட்டியது.

அப்புறம் நடப்பது இன்னும் அழகு. எல்லோரும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது மூவரில் கடைக்குட்டியான பால், லண்டனில் எடுத்துக்கொண்டதிலிருந்து தூக்கித் திரியும் படப்புத்தகத்தைக் காட்டுகிறான். நட்சத்திரத்தின் படமும் அதன்மேல் பொறித்த சொற்களும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கின்றன. கேட்டால் யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்பதுதான் அவன் நியாயம். அண்ணன் மகள் இந்த இடத்தில் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பெரியவர்கள் தீவு வரை போய்த் தேடியதைச் சின்னவன் கையிலேயே வைத்திருந்தான் என்ற மகிழ்ச்சி அவளுக்கு.

கதை வீணாகச் சுற்றுகிறது, தீவுக்குப் போனதால் என்ன பயன் என்று பெரியவர்கள் குறைப்படும் இடமும் இதேதான். ஒரே காட்சி, இரண்டு தீர்ப்பு. இதில் நான் என் அண்ணன் மகள் பக்கம்.

முடிவில் அந்தச் சொற்களைச் சொல்லி மிஸ் பிரைஸ் அருங்காட்சியகத்துக் கவசங்களை எழுப்புகிறார். கரையேறிய ஜெர்மானியச் சிப்பாய்களை அவை விரட்டுகின்றன. படம் தொடங்கும்போது எழுத்துகள் ஓடும் இடத்தில், 1066-ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் பேயூ சித்திரத் துணியின் பாணியில் ஓவியங்கள் வரும். அன்று கடல் தாண்டி வந்தவர்கள் நாட்டைப் பிடித்தார்கள். 1940-இல் மறுபடி வருவார்கள் என்ற பயம் அந்த நாட்டில் உண்மையாகவே இருந்தது. ஊர்க்காவலுக்கு வயதானவர்கள் துப்பாக்கி ஏந்தி நின்ற நாட்கள் அவை. துணியில் தைத்தவையும் கண்ணாடிப் பெட்டியில் தூங்கியவையும் எழுந்து காவலுக்கு வரட்டும் என்று ஒரு குழந்தை ஆசைப்படாதா?

எதிரிகள் போகிற போக்கில் வைத்த வெடியில் மிஸ் பிரைஸின் பயிற்சி அறை சிதறிவிடுகிறது. குறிப்புகள் போயின. மந்திரமும் போனது. நாயகன் படையில் சேர்ந்து, ஊர்க்காவல் கிழவர்களோடு நடந்து போகிறார். இனி சாகசம் எதுவும் இல்லையே என்று பிள்ளைகள் முகம் வாடும்போது, பால் தன்னிடம் இருப்பதை எடுத்துக் காட்டுகிறான். அந்தக் கட்டில் குமிழ்.

படம் முடிந்து விளக்கைப் போட்டேன். அண்ணன் மகள் நட்சத்திரத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. அடுத்த அறைக்குப் போய், எங்கள் கட்டிலின் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்றி, வணக்கம்.