பெரிய டயரும் மீட்டர் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் பேப்பரும் பேனாவும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சில் எண்கள் நிறைய வரும்.

பொலிரோ ஓட்டுகிறவர்கள் பலர், கம்பெனி கொடுத்த 215/75 ஆர் 15 டயர் தேய்ந்ததும் 235/75 ஆர் 15 வாங்கிப் போடுகிறார்கள். அதே ரிம்மில் உட்கார்ந்துவிடும், வண்டியும் எடுப்பாக நிற்கும். போட்டவுடன் கைப்பேசியில் ஜிபிஎஸ் வேகத்தைத் திறந்துவைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். பழைய டயரில் வேக முள் 80 காட்டியபோது ஜிபிஎஸ் 76 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். புது டயரில் அதே 80-க்கு 79 காட்டும். "பெரிய டயர் போட்டதும் மீட்டரே சரியாகிவிட்டது" என்று மகிழ்ந்துபோவார்கள். உண்மையில் அந்த வண்டியின் ஓடோமீட்டர், அதாவது மொத்தம் ஓடிய தூரத்தை எழுதும் மீட்டர், அன்றிலிருந்து ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் 4 கிலோமீட்டருக்கு மேல் விழுங்க ஆரம்பித்திருக்கும்.

ஏன் இப்படி? வேகத்தைக் காட்டும் முள்ளை உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே கம்பெனிகள் அமைக்கின்றன. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி, மீட்டர் எந்த வேகத்திலும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டுவதற்கு மட்டும் வரம்பு உண்டு: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு மணிக்கு 4 கிலோமீட்டர். டயர் காற்றும் தேய்மானமும் மாறினாலும் ஓட்டுநர் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. ஓடோமீட்டரில் இந்த மிகை கிடையாது. சக்கரம் சுற்றிய கணக்கை அப்படியே எழுதுகிறது. ஆகவே டயர் மாற்றிய பிறகு திருத்தம் செய்ய ஓடோமீட்டரைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். முள்ளையும் ஜிபிஎஸ்ஸையும் ஒப்பிட்டுத் திருத்தினால், கம்பெனி வைத்த பாதுகாப்பு மிகையையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள்.

முதலில் காகிதக் கணக்கு. 215/75 ஆர் 15 என்பதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், அதாவது 161.25. மேலும் கீழுமாக இரண்டு மடங்கு, 322.5. ரிம் 15 அங்குலம்; 25.4-ஆல் பெருக்கினால் 381. கூட்டினால் விட்டம் 703.5 மில்லிமீட்டர். இதே வழியில் 235/75-க்கு 733.5 வரும். புதியதைப் பழையதால் வகுத்தால் 1.043. இதுதான் நமக்கு வேண்டிய பெருக்கெண்; ஓடோமீட்டர் காட்டுவதை இதால் பெருக்கினால் உண்மைத் தூரம்.

மாருதி ஜிப்ஸி கிங்கில் 205/70 ஆர் 15-ஐக் கழற்றிவிட்டு இதே 235/75-ஐப் போட்டால் வித்தியாசம் கிட்டத்தட்ட 10 சதவீதம். அதைத் திருத்தாமல் ஓட்டவே கூடாது. மறுபக்கம், ஸ்விஃப்ட்டில் 165/80 ஆர் 14-இலிருந்து 185/65 ஆர் 15-க்கு மாறினால் விட்டம் 619.6-இலிருந்து 621.5 ஆகிறது. அரை சதவீதம்கூட இல்லை. அங்கே கை வைக்கத் தேவையே இல்லை. 8 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பட்டன் (தரையில் படும் ரப்பர் வரிகள்) உள்ள புது டயர் 1.6 வரை தேய்ந்தால், பொலிரோ டயரின் விட்டமே 1.8 சதவீதம் குறைந்துவிடும். அதற்குள் அடங்கும் வித்தியாசத்துக்காகச் செலவு செய்வது வீண்.

காகிதக் கணக்கு ஒரு தொடக்கம்தான். ஒரே அளவு அச்சிட்ட டயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். அதனால் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு சோதனை செய்யுங்கள். கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றடியுங்கள். சமதளத்தில் டயரிலும் தரையிலும் ஒரே நேர்க்கோட்டில் குறியிடுங்கள். ஓட்டுநர் உட்கார்ந்திருக்க, சக்கரம் 5 சுற்று சுற்றும் வரை நேராக உருட்டி, தூரத்தை டேப்பால் அளந்து 5-ஆல் வகுங்கள். 215/75-க்கு 5 சுற்றில் சுமார் 10.7 மீட்டரும் 235/75-க்கு 11.2 மீட்டரும் வரும். விட்டத்தை 3.14-ஆல் பெருக்கியதைவிட இது குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் பாரத்தில் டயரின் அடிப்பகுதி அமுங்குகிறது. இதைப் பழைய டயரைக் கழற்றும் முன்பே ஒரு தடவை செய்துவிடுவது நல்லது; புது டயரின் அளவைப் பழையதால் வகுத்தால் பெருக்கெண் கிடைக்கும். பழைய டயர் மொட்டையாகத் தேய்ந்திருந்தால் அந்த அளவை நம்பாதீர்கள்; காகிதக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாலையில். நான்கு வழிச்சாலையில் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஜிபிஎஸ் தூரப்பதிவையும் அதே இடத்தில் தொடங்கி, 50 கிலோமீட்டர் ஓட்டுங்கள். வண்டி நிற்கும்போதும் ஜிபிஎஸ் சில மீட்டர்களைக் கூட்டிக்கொள்ளும், அதனால் சுங்கச்சாவடி வரிசையில் காத்திருக்க வேண்டிய பாதை வேண்டாம். கைப்பேசியைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ட்ரிப் 50, ஜிபிஎஸ் 52.1 என்றால் உங்கள் பெருக்கெண் 1.042.

இனி திருத்தம். அது வண்டியைப் பொறுத்தது.

கேபிள் மீட்டர் உள்ள பழைய வண்டிகளில், கியர்பாக்ஸிலோ டிரான்ஸ்ஃபர் கேஸிலோ கேபிள் சொருகும் இடத்தில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் இருக்கும். பெரிய டயர் குறைவாகச் சுற்றுவதால், ஈடுகட்ட கேபிள் வேகமாகச் சுற்ற வேண்டும். எனவே பினியனில் பல் குறைய வேண்டும். பழையதில் 22 பல் என்றால், முன்பு சொன்ன ஜிப்ஸியின் பெருக்கெண் 1.098-ஆல் 22-ஐ வகுத்தால் 20. பல்லைக் கூட்டிப் போட்டுவிட்டு "இன்னும் மோசமாகிவிட்டதே" என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. சரியான பல் கிடைக்காதபோது, கேபிளுக்கு இடையில் பொருத்தும் சிறு கியர் பெட்டிதான் வழி. முள் துடித்துத் துடித்து ஆடினால் அது டயர் கோளாறு அல்ல. கேபிள் வறண்டிருக்கும் அல்லது எங்கோ மடங்கியிருக்கும். கிரீஸ் போடும்போது மீட்டர் பக்கத்து மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள். எண்ணெய் மேலே ஏறினால் மீட்டரே கெடும்.

கியர்பாக்ஸ் சென்சாரிலிருந்து மின்துடிப்பு வாங்கும் வண்டிகளுக்கு, அந்தத் துடிப்பைக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும் சிறு மின்னணுப் பெட்டி விற்கிறது. மூன்று ஒயர் ஹால் சென்சாரா, இரண்டு ஒயர் காந்தச் சென்சாரா என்று பார்த்து அதற்கேற்ற பெட்டி வாங்க வேண்டும். பெட்டியில் பெருக்கெண் 1.043-ஐத் தலைகீழாக, 0.959 என்று ஏற்றினால் பிழை 8 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது மழைக்காலம்வரைகூடத் தாங்காது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள்.

இப்போதைய வண்டிகளில் வேகம் பெரும்பாலும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சக்கரச் சென்சார்களிலிருந்து வருகிறது. சக்கரச் சென்சாருக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்கும் நடுவில் எந்தப் பெட்டியையும் வைக்க விடாதீர்கள். பிரேக் அந்த எண்ணை நம்பித்தான் வேலை செய்கிறது. ஸ்கேனர் வைத்து, வண்டியின் கணினியில் டயர் சுற்றளவை மாற்றுவதுதான் முறை. எல்லா மாடலிலும் இது திறக்காது. சிலவற்றில் குறிப்பிட்ட அளவுகளை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். அப்படியானால் உங்கள் டயருக்கு மேலே உள்ள அளவைத் தேர்ந்தெடுங்கள், மீட்டர் குறைத்துக் காட்டாது. புது அளவை எழுதும் முன், கணினியில் இருக்கும் பழைய கோடிங்கை, அதாவது பழைய அமைப்பை, சேமித்து வைக்கச் சொல்லுங்கள். நான்கு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் சைக்கிளில் முன்சக்கரத்திலிருந்து மீட்டர் இயங்கினால், பின் டயரை மாற்றுவதால் எதுவும் மாறாது.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி சீலிட்ட வாடகை வண்டிகளிலும், கட்டண மீட்டர் உள்ள ஆட்டோக்களிலும் இந்த வேலையை நீங்களே செய்யக் கூடாது. டயர் பெரிதானால் கருவி 80-இல் நிறுத்த வேண்டிய வண்டி அதைத் தாண்டி ஓடும். டயர் சிறிதானால் ஆட்டோ மீட்டர் பயணியிடம் கூடுதலாக வாங்கும். சீலிட்டவர்களிடமே போய் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

திருத்தம் முடிந்ததும் அதே 50 கிலோமீட்டரை மீண்டும் ஓட்டுங்கள். ட்ரிப்பும் ஜிபிஎஸ்ஸும் அரைக் கிலோமீட்டருக்குள் ஒத்துப்போனால் வேலை சரி. அப்போது முள் மட்டும் மறுபடியும் 80-க்கு 76 என்று கூட்டிக் காட்டும். அதைப் பார்த்துப் பதறி மறுபடி மாற்றச் சொல்லாதீர்கள். கம்பெனி வைத்த இடத்துக்கு முள் திரும்பியிருக்கிறது.

திருத்துவதற்கு முன் ஓடிய கணக்கையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதுங்கள். 42,000-இல் டயர் மாற்றி 54,000-இல் திருத்தினால், இடையில் மீட்டர் எழுதியது 12,000, வண்டி ஓடியது சுமார் 12,516. அடுத்த ஆயில் மாற்றத்தை அந்த 516-ஐயும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வணக்கம்.