சிரட்டைத் தண்ணீர்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, மதுரையிலிருந்து பஸ் பிடித்து வந்து எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய பேராசிரியர் அவர்களே, ஊராட்சித் தலைவி அம்மா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய மீனவர் சங்கத்து அண்ணன்மார்களுக்கும், காலையிலிருந்து வெயிலில் நின்று பந்தல் போட்ட பிள்ளைகளுக்கும் நன்றி.

‘மன அமைதி’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். அமைதி எங்கே இருக்கிறது, வாழ்வுக்கு அர்த்தம் எப்படி வருகிறது, மனிதரோடு மனிதர் எப்படி ஒட்டிக்கொள்வது.

“அலை ஓய்ந்தா தலை முழுகுவது?” என்பார் எங்கள் அப்பத்தா. கடன் அடையட்டும், மகளுக்குக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் நிம்மதியாக இருக்கலாம் என்கிறோம். அலை எந்தக் காலத்தில் ஓய்ந்தது? இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. உடம்புக்கு ஓய்வு. மனதுக்கு? கரையேற்றிய படகு நிழலில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நாலு பேர் கையிலும் போன். நான் குறை சொல்லவில்லை. கவலையை மறக்கத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கடன் கொடுத்தவரும் அதே போனில்தானே கூப்பிடுகிறார்.

எனக்கு 12 வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் கடற்கரை ஊற்றில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வர வேண்டும். அன்றைக்குத் தங்கச்சிமடத்தில் கபடி. அவசரம். மணல் குழிக்குள் இறங்கித் தேங்காய்ச் சிரட்டையால் வறட்டு வறட்டென்று அள்ளினேன். பாதி மணல், பாதி சேறு. விடவில்லை, கையால் இன்னும் ஆழமாகத் தோண்டினேன். வாயில் வைத்தால் உப்பு! அப்பத்தா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “எல்லாத்தையும் ஊத்திட்டு உட்காருடா” என்றார். உட்கார்ந்தேன். மணல் ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து, கசிந்து, தெளிந்து வந்தது. ஒரு சிரட்டை. மறுபடி காத்திருப்பு. குடம் நிறைய முக்கால் மணி நேரம்.

அந்த நேரத்தில் குழியைச் சுற்றி ஆறேழு பெண்கள். அதில் இரண்டு பேர் ஓரகத்திகள், வேலித் தகராறில் ஒரு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. மூத்தவருக்குக் கை வீங்கியிருந்தது. அவர் முறை வந்ததும் இளையவர் ஒன்றும் சொல்லாமல் சிரட்டையை வாங்கி, அந்தக் குடத்தை நிரப்பி, தலையிலும் தூக்கி வைத்தார். “உப்புப் போட்டியா, உலை வச்சியா?” என்று மூத்தவர் கேட்டார். அவ்வளவுதான். இருவரும் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். கபடி எனக்கு மறந்தே போனது.

மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீரைவிட எடை குறைவானதால் அதன் மேலே மிதந்து நிற்கிறது. அதுதான் நம் ஊற்று. இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் தனுஷ்கோடியில், 1964 புயலுக்குப் பிறகும் தங்கிவிட்ட சனங்களுக்கு இதுதான் தாகம் தீர்த்தது. மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியில் கிடக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஏறியபின் இறக்குவது லேசான காரியமில்லை.

இன்று நம் ஊற்றங்கரை எப்படி இருக்கிறது? சீமைக்கருவேலம் மண்டி, பாலித்தீன் பையும் கிழிந்த வலையும் கிடக்கின்றன. கேன் தண்ணீர் வாசலுக்கே வருகிறது. வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முக்கால் மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரியோடு உட்கார வேறு எந்த இடம் இருக்கிறது?

அர்த்தம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஊருக்கு ஒரு வேலை செய்து பாருங்கள், அது தானாக வரும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். மே 1 கிராம சபையில், ஊற்றைச் சுற்றி ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்று தீர்மானம் வேண்டும். தலைவி அம்மா தலையசைக்கிறார்கள், மகிழ்ச்சி. தீர்மானம் வரட்டும், நிதி வரட்டும் என்று துப்புரவை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அலை ஓய்ந்தா தலை முழுகுவது?

வருகிற ஞாயிறு காலை ஆறு மணி. மண்வெட்டி இருப்பவர்கள் மண்வெட்டி, அரிவாள் இருப்பவர்கள் அரிவாள் கொண்டு வாருங்கள். பள்ளிவாசல் தெருவிலிருந்து டீ வருகிறது, கோயில் தெருவில் இட்லி சொல்லியாகிவிட்டது. பெயர் கொடுக்க நோட்டு வாசலில் இருக்கிறது. பெரியவர்கள் வீட்டில் பழைய சிரட்டை இருந்தால் எடுத்து வாருங்கள், பிள்ளைகளுக்கு அள்ளிக் காட்ட வேண்டும். வணக்கம்.