கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்

பெருமதிப்பிற்குரிய தாளாளர் அவர்களே, தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, என்னை அன்போடு அழைத்த உடற்கல்வி இயக்குநர் அவர்களே, பயிற்சியாளர்களே, பெற்றோர்களே, கடைசி வரிசையில் டிராக் சூட்டோடு நிற்கும் என் செல்வங்களே, வணக்கம். பரிசளிப்பைச் சற்றுத் தள்ளிவைத்து, விளையாடுகிற பிள்ளையின் மனதைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கிய முதல்வர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். இதைப் பேசச் சொல்லி அழைத்தவர்கள் குறைவு.

தூக்கம், தோல்வி, துணை. இந்த மூன்றைப் பற்றிப் பேச வந்தேன்.

தூக்கத்திலிருந்து தொடங்குகிறேன். விடியலில் பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் மறுபடி மைதானம், இரவில் ரெக்கார்டு நோட்டு. இந்தப் பிள்ளை எப்போது தூங்கும்? தூக்கம் என்றதும் எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். அவனைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நான் பயிற்சி கொடுத்த பையன். 400 மீட்டர் தடை ஓட்டம். பின்தொடைத் தசை கிழிந்து ஓட முடியாமல் போனது. ஆனாலும் தினமும் விடியற்காலையில் மைதானத்துக்கு வருவான். பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பைக்ஸ் ஷூவை மாட்டி, நாடாவை இழுத்து இறுக்கிக் கட்டுவான். மற்றவர்கள் ஓடி முடிக்கும்வரை ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டிருப்பான். பிறகு நாடாவை அவிழ்த்து, ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். "பாருங்கடா, இதுதான் ஒழுக்கம்!" என்று எல்லார் முன்னாலும் அவனைப் பாராட்டினேன். தினமும் கேட்பேன், "கால் எப்படிடா இருக்கு?" "பரவாயில்ல சார்" என்பான். இரண்டு மாதம் கழித்து அவனோடு அறையில் தங்கியிருந்தவன் வந்து நின்றான். "சார், அவன் ராத்திரி தூங்குறதே இல்ல. சுவரைப் பாத்து உக்காந்திருக்கான்." ஓடிப்போய்க் கேட்டேன், "ஏம்பா என்கிட்ட சொல்லல?" அவன் சொன்ன பதில் இன்றைக்கும் என் நெஞ்சில் தைத்திருக்கிறது: "டீம்ல இருந்து எடுத்துடுவீங்கன்னு பயம் சார்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கட்டுப் போட்ட கால் என் கண்ணுக்குத் தெரிந்தது. கட்டுப் போட முடியாத காயம் தெரியவில்லை.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணி இறுதிப் போட்டியிலிருந்து பாதியில் விலகினார். அந்தரத்தில் சுழலும்போது உடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே பிடிபடாத நிலை. ஜிம்னாஸ்டிக்ஸில் அதை 'ட்விஸ்டிஸ்' என்பார்கள். அப்படியே தரையிறங்கினால் கழுத்து முறியலாம். ஆனாலும் எத்தனை பேர் அவரைக் கோழை என்றார்கள்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? அதே பைல்ஸ் 2024இல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். விலகியதால் மிஞ்சிய தங்கம் என்றே நான் சொல்வேன்.

தோல்வியைப் பற்றியும் நிறையச் சொல்ல இருந்தது; தாளாளர் அவர்கள் வேறொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டும் என்பதால் மூன்றாவதான துணை என்பதற்கு வந்துவிடுகிறேன். நான் ஊர் ஊராகப் போய்க் கேட்பது இந்த ஒன்றைத்தான். விளையாட்டுத் துறைக்கென்று ஒரு முழுநேர மனநல ஆலோசகர் வேண்டும். அவர் தேர்வுக் குழுவில் இருக்கக் கூடாது. பயிற்சியாளருக்குக் கீழே வேலை பார்க்கவும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, பிள்ளை சொன்னது அந்த அறையைத் தாண்டக் கூடாது. அணியைத் தேர்ந்தெடுக்கிறவரிடமே போய் அழு என்றால் எந்தப் பிள்ளை அழும்?

கண்ணுக்குத் தெரியாத காயத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உயர்மட்ட வீரர்களுக்காக உருவாக்கிய மனநல மதிப்பீட்டு முறையில் முதல் படி பத்தே கேள்விகள். முழங்காலுக்கு ஸ்கேன் எடுக்கிற நாம் பத்துக் கேள்வி கேட்கக் கூடாதா? ஆனால் பதிலைக் கேட்டுக்கொள்ள ஆள் இல்லாமல் கேள்வித்தாளை நீட்டாதீர்கள். அது இன்னும் மோசம்.

பயிற்சியாளர் நண்பர்களே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் உங்களில் ஒருவன்தான். இன்று மாலை காயத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் காலைப் பற்றிக் கேட்ட பிறகு, "ராத்திரி தூங்கினியாப்பா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள்.

வாசலில் மேசைமேல் கோரிக்கை மனு இருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது வரியை முதல்வர் அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். நன்றி, வணக்கம்.