உன் கைக்கு என்ன வேலை தெரியும்?

அனைவருக்கும் வணக்கம். மண்டபம் வடக்குக் கடற்கரையில் நின்று பேசுகிறேன். காற்றுச் சத்தம் அதிகமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் தூரத்தில் தெரிவது பாம்பன் பாலம். 2025 ஏப்ரலில் திறந்தார்களே, அந்தப் புதிய ரயில் பாலம். கேமராவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புகிறேன். விசைப்படகுகள் வரிசையாக நிற்கின்றன, பாருங்கள். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இவை கடலுக்குப் போகாது. இந்த நாட்களில்தான் நம் பையன்கள் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஏஜென்ட் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

வெளிநாட்டு வேலையிலிருந்து நான் விடுப்பில் வந்து இரண்டு வாரம் ஆகிறது. அதற்குள் ஒன்பது பேர் வேலை கேட்டு வந்துவிட்டார்கள். ஒன்பது பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "எந்த வேலையானாலும் சரி அண்ணா." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. 2018இல் நானும் அதையே சொல்லிக்கொண்டுதான் துபாயில் போய் இறங்கினேன்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாடு போவதை சபர் என்பார்கள். வீட்டுக்கு ஒரு சபராளி இருந்த ஊர்கள். அங்கே போகிறவனுக்கு மாமனோ மச்சானோ முன்னால் போயிருப்பார். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போவார். எனக்கு அப்படி யாரும் இல்லை. ஓர் ஏஜென்ட் இருந்தார். அம்மாவின் வளையல்களை அடகு வைத்து 90,000 ரூபாய் கொடுத்தோம். "போனதும் கம்பெனி விசாவாக மாற்றிவிடுவார்கள்" என்று சொல்லி மூன்று மாத விசிட் விசாவில் ஏற்றிவிட்டார். போய் இறங்கிய பிறகு அவருடைய போன் எடுபடவில்லை. கம்பெனி என்று ஒன்றும் இல்லை.

விசிட் விசா என்பது பார்க்க வந்தவனுக்கான அனுமதி. அதில் ஒரு நாள் கூலி வேலை செய்தாலும் அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். இது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. தேரா பகுதியில் ஓர் அறை. அடுக்குக் கட்டில்களில் பத்துப் பேர். எனக்கு மேல்கட்டில், நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். காலையில் எழுந்து கடை கடையாக ஏறி இறங்குவேன். காய்கறிக் கடை, சலவைக் கடை, சாப்பாட்டுக் கடை. "எந்த வேலையானாலும் சரி." எல்லோரும் நல்ல முகத்தோடு ஒரே பதிலைச் சொன்னார்கள்: சொல்லி அனுப்புகிறோம். ஐம்பது நாள் இப்படியே போனது. அம்மாவிடம் போனில் வேலை கிடைத்துவிட்டது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

ஒரு நாள் சாயங்காலம் டீக்கடையில் தொண்டிக்காரப் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவரிடமும் அதையேதான் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எந்த வேலையும் என்றால் நான் யாரிடம் போய் உன்னைப் பற்றிச் சொல்வது தம்பி? உன் கைக்கு என்ன வேலை தெரியும்?"

ஊரில் மாமாவோடு நான்கு வருடம் ஃபைபர் ஒட்டினேன் என்றேன். வள்ளத்தில் விரிசல் விட்டால் அடைப்பது, அடிப்பாகத்தை மறுபடி கட்டுவது. அதை ஒரு தொழில் என்று நான் நினைத்ததே கிடையாது. மாமாவுக்குக் கூடமாட நின்றது, அவ்வளவுதான். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே. அஜ்மானில் படகுப் பட்டறைகள் இருக்கின்றன, போய்ப் பார்" என்றார். மறுநாள் பஸ் ஏறினேன்.

பட்டறை மேஸ்திரி கேரளத்துக்காரர். சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. ஒரு பழைய படகின் உடைந்த துண்டைக் காட்டி, "இதை ஒட்டிக் காட்டு" என்றார். நான் முதலில் காசு ஒன்றை எடுத்து விரிசலைச் சுற்றித் தட்டிப் பார்த்தேன். உள்ளே அடுக்கு விட்டுப்போன இடத்தில் சத்தம் பொத்தென்று கேட்கும்; மாமா கற்றுக்கொடுத்தது. அந்த இடம் முழுவதையும் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்து, தூசி துடைத்து, கண்ணாடி இழை விரிப்பை, அதாவது 'மேட்'டை, அளவாகக் கிழித்து வைத்தேன். அப்புறம் ரெசின் பசையில், அதை இறுக வைக்கிற ஹார்டனரைக் கலக்க வேண்டும். மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவர் பார்க்க நினைத்தது அதைத்தான் என்று பிறகு புரிந்தது. ஐப்பசி மழையில் நம் ஊரில் கலக்கிற அளவை அந்த ஜூலை வெயிலில் ஊற்றினால், பிரஷ்ஷை எடுப்பதற்குள் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். நான் பாதிக்கும் கொஞ்சம் மேலே ஊற்றி நிறுத்தினேன். அந்த விரிப்பின் வெள்ளை மறைந்து ரெசின் ஊறும் வரை ரோலரை ஓட்டி, காற்றுக் குமிழியை ஓரத்துக்குத் தள்ளினேன். அரை மணி நேரம். மேஸ்திரி பெயரையும் பாஸ்போர்ட் நகலையும் கேட்டார்.

அந்தக் கம்பெனியார் நேர்மையானவர்கள். விசிட்டில் வேலை செய்ய விடவில்லை. "ஊருக்குப் போ, விசா எடுத்து அனுப்புகிறோம்" என்றார்கள். வந்தேன். நான் பத்தாம் வகுப்பு தேறாதவன், அதனால் என் பாஸ்போர்ட் ஈசிஆர் வகை. நம் ஊர் வழியாகப் போகும் சாலையைச் சொல்லவில்லை. வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசின் அனுமதி பெற வேண்டிய பாஸ்போர்ட் அது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி உள்ள ஏற்பாடு. அரசின் இமைக்ரேட் இணையதளம் வழியாக அந்த அனுமதி வருகிறது. அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாயும் வரியும். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ பத்து லட்சம். விசிட்டில் ஏற்றிவிடுகிற ஏஜென்ட் இந்த அனுமதி, காப்பீடு இரண்டையும் சேர்த்தே உங்களிடமிருந்து பறிக்கிறார். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

பதிவு பெற்ற ஏஜென்ட் யார் என்று அதே தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். நான் கொடுத்தது அதைப்போல் மூன்று மடங்கு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. ஊரில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அமீரகத்தில் வேலைக்கு எடுக்கும்போது கொடுக்கிற ஆஃபர் லெட்டர், அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குத் தெரிந்த மொழியிலும் இருக்க வேண்டும். அமைச்சகம் வைத்திருக்கிற மொழிகளில் தமிழும் உண்டு. கேட்டு வாங்குங்கள். வாங்கினால் இரண்டு இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று, தொழிலின் பெயர். எனக்கு முதலில் 'உதவியாள்' என்று வந்தது. மேஸ்திரிக்குப் போன் போட்டு, நான் ஒட்டுகிறவன் அண்ணா, உதவியாள் இல்லை என்றேன். 'ஃபைபர் லேமினேட்டர்' என்று மாற்றி அனுப்பினார்கள். அடுத்த கம்பெனிக்குப் போனபோது அந்த ஒரு சொல்தான் எனக்காகப் பேசியது. இரண்டாவது, அடிப்படைச் சம்பளம். மொத்தத் தொகை பெரிதாக இருக்கும், அடிப்படை சிறிதாக இருக்கும். வேலையை விட்டு வரும்போது கிடைக்கிற பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் என்று, அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. விசா செலவு, ஆள் எடுக்கும் செலவு என்று சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதைத் தடுக்கிறது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்கிற உரிமையும் முதலாளிக்கு இல்லை.

என்னிடம் வந்த ஒன்பது பேரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, கைக்குத் தெரிந்ததை எழுதி வரச் சொன்னேன். ஒருவன் வலை பொத்துவான், வின்ச் ஓட்டுவான், ஐஸ் பெட்டி கட்டுவான். எழுதிக் கொடுத்ததோ 'மீன்பிடி' என்று ஒரு வார்த்தை. இன்னொருவன் ஆறு வருடமாகப் படகு எஞ்சின் பிரிக்கிறான், ஒன்றுமே எழுதவில்லை. இருவரையும் மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறேன். எஞ்சின் தம்பிக்கு ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். நாளைக் காலை கொண்டு வருகிறான். நானும் அவனும் இந்தத் திட்டில் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கப் போகிறோம்.