பதக்கத்தின் விளிம்பில் இருக்கும் பெயர்

நேயர்களுக்கு வணக்கம். பழைய போர்ப் பதக்கம் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் பார்ப்பது அதிலுள்ள அரசரின் தலையைத்தான். பதக்கத்தைப் பெற்றவர் யார், எங்கே பணியாற்றினார் என்று அறிய விரும்புபவர் பார்க்க வேண்டியது விளிம்பை. முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்குப் பிரிட்டன் வழங்கிய வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் சேவை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை மிகச் சிறிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும்; 1915 முடிவதற்குள் களம் சென்றவர்களுக்குத் தரப்பட்ட வெண்கல நட்சத்திரப் பதக்கத்தில் இவை பின்புறத்தில் இருக்கும். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரங்களையோ பிரிட்டிஷ் அரசு தன் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே அனுப்பிவைத்தது. ஆகவே கடிதமோ பெட்டியோ இல்லாமல் தனியாகக் கிடைக்கும் அத்தகைய நட்சத்திரத்துக்கு உரியவரைத் தேடுவது, என் கருத்தில், வீண் வேலை.

எழுத்துகளைப் படிப்பதற்கு முன் விளிம்பையே சற்று ஐயத்தோடு நோக்க வேண்டும். அசல் பெயரை அராவி எடுத்துவிட்டு, விலைபோகும் வேறொரு பெயரைப் பொறித்து விற்பவர்கள் உண்டு. அராவிய விளிம்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சீராக இராது. பதக்கத்தின் விட்டமும் இயல்பான அளவைவிடச் சிறிது குறைந்திருக்கும்.

பெயர் உண்மையானது என்று உறுதியானபின், அதைவிட எண்ணையே பிடித்துக்கொண்டு செல்வது நல்லது; ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் இருந்திருப்பார்கள். ஆனால் 1920 வரை ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனக்கென எண் வரிசை வைத்திருந்ததால், பிரிவு மாறிய வீரரின் எண்ணும் மாறியது. 1917இல் டெரிட்டோரியல் எனப்பட்ட பகுதிநேரத் தொண்டர் படையின் வீரர்களுக்குப் புது எண்கள் தரப்பட்டன. இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகளில், அதாவது ஒவ்வொரு வீரரும் பெற்ற பதக்கங்களைக் குறித்த அட்டைகளில், இந்த எண்கள் பலவேளைகளில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காணப்படும். நட்சத்திரம் பெற்றவரானால், அவர் போர்க்களப் பகுதிக்குள் நுழைந்த நாளும் அட்டையில் இருக்கும். நட்சத்திரமே பெறாதவர் பொதுவாக 1916 அல்லது அதற்குப் பின்னரே களம் சென்றவர்.

அடுத்து நாடுவது பணிப்பதிவேட்டை. இங்கேதான் பலருடைய தேடல் நின்றுபோகிறது. 1940 செப்டம்பரில் இலண்டன் ஆர்ன்சைடு தெருக் கிடங்கின்மீது குண்டு விழுந்து தீப்பற்றியதில், முதல் உலகப் போரின் சாதாரண வீரர்களுடைய பதிவேடுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு அழிந்தது. தப்பிய தாள்களில் பலவற்றின் ஓரம் கருகியிருக்கிறது, தீயணைத்த நீரால் மை கலைந்திருக்கிறது. சேர்ந்த நாள் தெளிவாக இருக்கும்; அடுத்த வரியில் ஊர்ப்பெயரின் பாதி கருகலுக்குள் போயிருக்கும்.

பதிவேடு கிடைக்காதவர்கள் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பை எடுக்கிறார்கள். அன்றாடம் அப்பிரிவு எங்கே முகாமிட்டது, எந்தப் பதுங்குகுழியில் நின்றது என்பதை அதிகாரி ஒருவர் எழுதிவைத்த குறிப்பு அது. அதிகாரிகள் அதில் பெயரோடு வருவார்கள். சாதாரணச் சிப்பாய்கள் பெரும்பாலும் இறந்தோர் இத்தனை, காயமுற்றோர் இத்தனை என்ற எண்ணிக்கையாகவே வருவார்கள். இதைப் படித்துவிட்டு, ‘இவர் 1916இல் பிரான்சில் நடந்த சோம் போரில் போரிட்டார்’ என்று எழுதிவிடும் ஆசையை அடக்குவது கடினம். அந்த வாரம் அவர் மருத்துவமனையில் படுத்திருக்கலாம், விடுப்பில் இருந்திருக்கலாம், பின்களத்தில் கோவேறு கழுதைகளுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருக்கலாம். பதக்கத்தில் உள்ள பிரிவு பொதுவாக அவர் கடல்கடந்து முதலில் பணியாற்றிய பிரிவு என்பதையும் சேர்த்து எண்ணினால், நாம் படிப்பது வேறொரு பட்டாலியனின் (ரெஜிமெண்டின் உட்பிரிவின்) கதையாகவே இருக்கலாம். ‘இப்பிரிவு அங்கே இருந்தது’ என்பது வரை எழுதுவதே நேர்மை.

உயிரிழந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் விரைவில் வழிகாட்டும். உயிரோடு திரும்பியவருக்கு ஓய்வூதிய ஆவணங்களைப் பார்க்கலாம். ஒரே வீரரின் பதக்கங்கள் பிரிந்து வெவ்வேறு கைகளுக்குப் போயிருப்பதும் சாதாரணம். 1980 வாக்கில் வெள்ளி விலை ஏறியபோது வெள்ளிப் பதக்கங்கள் பல உருக்கப்பட்டன, அவற்றோடு சேர்த்துத் தரப்பட்டிருந்த வெண்கல வெற்றிப் பதக்கம் மட்டும் தப்பியது. ஆகவே ஏலப் பட்டியல்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரே எண்ணை, அதன் பழைய வடிவங்களோடு சேர்த்து, தேடிப் பார்க்க வேண்டும்.